தண்ணியில் வந்த பேச்சு

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறவள் அவள். டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அக்கா. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்புகள் வந்து இறங்கும். கையுறையை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ரத்தம், சீழ், மலம் என்று கறை பார்த்துப் பிரித்து மெஷினுக்குள் தள்ளுவாள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் மூட்டையைப் பிரித்ததுமே ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அக்கா முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. "வேணும்னா பண்றாங்க? உடம்பு படுத்துற பாடு" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்தால் குமட்டும்.

உள்ளே தம்பி கிடப்பான். லிஃப்ட் மெக்கானிக். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, இரண்டு வருஷமாக அக்கா வீட்டு முன்னறையில்தான் வாசம். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே வாந்தி காய்ந்திருக்கும். புளித்த வாடை திரைச்சீலை வரை ஏறியிருக்கும். திறந்த வாயோரம் ஈ. நாலு வார்டு அழுக்கை அலசிவிட்டு வந்த கை, அவன் சட்டையை மட்டும் இரண்டு விரலால் தூக்கும்.

குடித்தால் அவனுக்கு ஒரே பாட்டு. "நான் இருக்கிறதே எல்லாருக்கும் இடைஞ்சல்க்கா. போய்ச் சேர்ந்துடுறேன்." முதல் தடவை சொன்னபோது அக்கா அழுதாள். அடுத்த தடவை திட்டினாள். பிறகு காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தண்ணி உள்ளே போனால் வருகிற பேச்சு, வேறென்ன? ஒருநாள் எரிச்சல் தாங்காமல், "போறேன் போறேன்னு எத்தனை நாளா சொல்ற? போறவன் சொல்லிட்டா இருப்பான்?" என்றுகூடக் கேட்டுவிட்டாள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

அவனுடைய கூட்டாளிகள் இருவர், ஒரு வெல்டர், ஒரு பெயிண்டர். சனிக்கிழமை மத்தியானம் முன்னறையில் பாட்டிலோடு உட்கார்ந்துவிடுவார்கள். தம்பிக்கு 'பைபை' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். "என்ன பைபை, இன்னிக்காவது கிளம்புறியா?" என்று வெல்டர் ஊற்றிக் கொடுப்பான். தம்பி எழுந்து நின்று, தள்ளாடியபடி, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு விடைபெறுவான். அவர்கள் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கொடுப்பார்கள். சமையலறையில் நின்றிருந்த அக்காவுக்கும் ஒருதரம் சிரிப்பு வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டான். சவரம் செய்திருந்தான். வாடை இல்லை. தரையை அவனே துடைத்திருந்தான்.

"டூல்ஸ் பெட்டியை வெல்டர்கிட்ட குடுத்துடுக்கா, அவனுக்கு உபயோகப்படும்" என்றான். பிறகு, "உனக்கு ரொம்ப கஷ்டம் குடுத்துட்டேன்" என்றான், சாந்தமாக.

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஒருவழியாகத் திருந்திவிட்டான் என்று வேலைக்குப் போனாள். டீ நேரத்தில், அவசரப் பிரிவு நர்ஸிடம் அதையே சந்தோஷமாகச் சொன்னாள். பைபை கதையையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"டூல்ஸை ஏன்க்கா குடுக்கச் சொன்னாரு? வேலைக்கு அது வேணாமா?"

"தெரியலையே."

"சாகப்போறேன்னு எத்தனை நாளா சொல்றாரு?"

"அது தண்ணியில உளர்றதும்மா."

"எங்க வார்டுக்கு வர்றவங்க வீட்டுல எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. தண்ணியில சொல்றான்னு விட்டுட்டோம்னு. குடிச்சுட்டு சொன்னா பொய்யாயிடுமா? மனசுல இருக்கிறதை குடி பெருசாக்கும்க்கா. யோசிச்சு நிக்கிற நிதானத்தையும் எடுத்துடும். இப்பவே வீட்டுக்குப் போங்க. சாகணும்னு நினைக்கிறியான்னு நேராவே கேளுங்க."

"கேட்டா நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"ஆகாது. அவருக்கு இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கும். தனியா மட்டும் விடாதீங்க."

அக்கா ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுக்கு வந்தபோது தம்பி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். எதிரே திறக்காத பாட்டில். அவள் மூச்சு வாங்க நின்று, கேட்டே விட்டாள்.

"டேய், சாகணும்னு நினைக்கிறியா?"

அவன் பாட்டிலைக் கையால் காட்டினான்.

"ஆமாக்கா. தெளிவா இருந்தா பயமா இருக்கு. அதான் இதை வாங்கினேன்."

சமையலறையில் நின்று சிரித்த தன் முகம் அக்காவின் கண்முன் வந்தது. அந்த முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பாட்டிலை எடுத்து அவன் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"எந்திரி, டாக்டரைப் பார்க்கலாம்."

"உனக்கு வேலை இருக்கே."

"கறை எங்கேயும் ஓடிப்போயிடாது. நட."

டாக்டர் அன்றே சேர்த்துக்கொண்டார். "குடியைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். இங்கேயே வச்சுத்தான் நிறுத்தணும். மனசுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கணும். ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைப் பார்த்தா பிரயோஜனமில்ல" என்றார்.

மூன்றாம் நாள் கூட்டாளிகள் பார்க்க வந்தார்கள். வாயைத் திறக்கும் முன்பே வாடை வந்தது. வெல்டர் அவளைத் தாழ்வாரத்துக்கு ஒதுக்கி, இடுப்பில் செருகியிருந்த சின்ன பாட்டிலைக் கண்ணால் காட்டினான். "ஒரு வாய்தான்க்கா, மனசு ஆறும்."

"ஆறுமா? சாகப்போறேன்னு அவன் சொல்லச் சொல்ல, கைதட்டி ஊத்திக் குடுத்தீங்களே, அப்ப ஆறிச்சா? உங்களைப் பார்த்தாலே குமட்டுது. நானும் சேர்ந்து சிரிச்சேனே, என்னை நினைச்சா அதுக்கு மேல குமட்டுது. வெளியே போங்க."

பெயிண்டர் ஏதோ முனகினான். வெல்டர் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு படியிறங்கினான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொன்னால் பொய். தம்பி வீடு திரும்பினான், மாத்திரை சாப்பிட்டான், வாரம் ஒருமுறை ஆலோசகரிடம் போய்ப் பேசினான், பாதி நாள் வேலைக்கும் போனான். ஐந்தாம் மாதம் மகளிடம் பேச போன் செய்தான். அவள் பேச மறுத்துவிட்டாள். அன்று மத்தியானம் சலவைக்கூடத்துக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பிராந்திக் கடை வாசல்ல நிக்கிறேன். இன்னும் உள்ள போகல. அந்த நினைப்பு மறுபடி வருது."

"அங்கேயே நில்லு. வந்துட்டேன்."

அவள் போய்ச் சேர்வதற்குள் அவன் உள்ளே போய்விட்டு வந்திருந்தான். சட்டையெல்லாம் ஈரம், நாற்றம் ஆளைத் தூக்கியது. பத்து நிமிஷம் பொறுக்க மாட்டாயா என்று தெருவென்றும் பாராமல் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றினாள்.

பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடத்துக்கு எழுந்து போனார்.

"பாருக்கா, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறாரு" என்றான் தம்பி, அழுகைக் குரலில்.

"நானும்தான் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றாள் அக்கா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "உட்கார்ந்திருக்கேன்ல? பேசாம வா."