கூட்டினாலும் கேட்காத மருந்து

கொடைக்கானல் பக்கம் பள்ளங்கியில் தோட்டத்துக்கு மருந்தடிக்க ஆள் வேண்டுமென்றால் குழந்தைவேலைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக முதுகில் டேங்க்கோடு மேடும் பள்ளமும் ஏறி இறங்கியவர். டப்பாவில் இரண்டு மூடி என்று போட்டிருந்தால் மூன்று ஊற்றுவார். கேட்டால், "அவென் எழுதுனது அவென் ஊரு புழுவுக்கு. நம்ம ஊரு புழு முரட்டுப் புழு" என்பார். அந்த வீம்பு சாகிறவரை போகாது போலிருந்தது.

மலத்தோடு இரத்தம் போனதை மூலச்சூடு என்று சொல்லி, ஒரு வருடம் மோர் குடித்தே ஓட்டினார். பெருங்குடலில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஊசியும் மாத்திரையும் கொடுத்தும் கட்டி குறையவில்லை. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வேளைக்கு மூன்று மாத்திரை என்றிருந்ததை, மனைவி கந்தம்மாளுக்குக்கூடச் சொல்லாமல் ஐந்தாக்கினார். உள்ளங்கால் தோல் உரிந்து, வயிற்றுப்போக்கில் துவண்டு, பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்தார். கட்டி அசையவே இல்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒரு புது ஊசி. கட்டியில் கேராஸ் என்ற மரபணு மாறாமல் இருந்தால்தான் அது கேட்குமாம். சதையைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, மூன்று வாரம் இருவரும் சோறு இறங்காமல் காத்திருந்தார்கள்.

முடிவு வந்த அன்று, ஸ்கேன் படம் வாங்கும் வரிசையில் கந்தம்மாள் நிற்க, அவர் மட்டும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"அந்த மரபணு மாறியிருக்குங்க. கட்டிய வளரச் சொல்லி வெளியில இருந்து வர்ற உத்தரவத்தான் இந்த ஊசி தடுக்கும். உங்களுக்கு உள்ள இருக்கிற கேராஸே ஓயாம வளரு வளருன்னு சொல்லிக்கிட்டு இருக்கு."

"கொஞ்சம் கூட்டிப் போட்டா?"

"எவ்வளவு கூட்டினாலும் கேக்காது. உடம்புதான் கெடும்."

வலிக்கு மாத்திரை கொடைக்கானலிலேயே கிடைக்கும், இனி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்றார் டாக்டர். நல்ல மனிதர்தான். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"வெரசா வாங்க, பஸ் போயிரும்" என்று வெளியே நின்ற கந்தம்மாள் இழுத்துக்கொண்டு ஓடினாள். இடம் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"அடுத்து எப்ப வரச் சொன்னாக?"

"இனிமே வர வேணாம்னுட்டாரு."

அவள் அவரையே பார்த்தாள். "அப்ப கட்டி கரைஞ்சுருச்சா?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆயக்குடியில் இருக்கும் மகள் ரோகிணிக்குப் போன் போட்டாள். "அப்பாவுக்குக் கொணமாயிருச்சுடி. இனி ஆசுபத்திரிக்கே வர வேணாமாம்."

பிறகு போனை அவர் காதில் வைத்தாள். மறுமுனையில் மகள் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். "நெசமாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் குழந்தைவேல்.