அப்பாவின் ஜீப் தேறவில்லை

ஸ்காட்லாந்தில் நான் இருக்கும் சிற்றூரில், குளிர்காலம் வந்தால் சாலையெங்கும் உப்பைத் தூவுகிறார்கள். பனியில் வண்டிகள் வழுக்காமலிருக்க. முதல் வருடம் லாரியின் பின்னால் உப்பு சிதறிக்கொண்டே போவதைப் பார்த்து நின்றுவிட்டேன். இன்று அந்த உப்புதான் எனக்குச் சோறு போடுகிறது. பழைய ஜீப்புகள் வருடாந்தரச் சோதனைக்கு வரும்போது அடியில் நின்று பார்ப்பவன் நான். அவை தேறாமல் போவது அநேகமாக அதே சில காரணங்களுக்காகத்தான். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் அந்த உப்பால் உள்ளுக்குள் துருவேறிப் பொத்தலாகியிருக்கும். பிரேக் குழாய் அரித்திருக்கும். ஸ்டீயரிங் மூட்டுகள் ஆட்டம் கண்டிருக்கும். வந்த புதிதில் ஒரு முதியவர், "ஷீ ஹேஸ் ஃபெயில்ட்?" என்று கலங்கிய குரலில் கேட்டார். மனைவிக்கு உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்து, "சாரி, விச் ஹாஸ்பிடல்?" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் விழித்துவிட்டுத் தன் ஜீப்பைத் தடவிக் காட்டினார்.

எங்கள் ஊரான அருமனையில் எங்களுக்கும் ஒரு ஜீப் உண்டு. ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்த அப்பா வாங்கியது. அவர் இறந்த பிறகு தங்கை ஸ்டெல்லாவின் வீட்டில் நிற்கிறது. ஞாயிறுதோறும் அவளும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் சரிவிறங்கிச் சர்ச்சுக்குப் போவார்கள். வண்டியைப் பராமரிப்பவன் ராஜன். குலசேகரத்தில் ஒரே பட்டறையில் என்னோடு வேலை பழகியவன். பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுவதும் அவன்தான். போனில் கேட்கும்போதெல்லாம், "வண்டி நல்லா இருக்கு மக்கா, நீ பேடிக்காண்டாம்" என்று தைரியம் சொல்வான். ஒருமுறைகூட நான் சந்தேகப்பட்டதில்லை.

இந்த முறை விடுமுறைக்குப் போன மூன்றாம் நாள், ஸ்டெல்லா வீட்டு முற்றத்தில் நின்ற ஜீப்பின் அடியில் பழக்கதோஷத்தில் படுத்துப் பார்த்தேன். கறுப்புத் தார் பெயிண்ட் பளபளத்தது. பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் ஸ்குரூடிரைவரால் அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போனது. எண்ணெய் டின்னை வெட்டித் தட்டையாக்கி, பட்டி பூசி ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பின்னால் இரும்பே இல்லை. அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ராஜனும் சேர்ந்து பழகியது, அந்த வயதில் ஊரார் வண்டிகளுக்குச் செய்துமிருக்கிறோம். என் வீட்டு வண்டிக்கு அவன் செய்வான் என்று நான் நினைத்ததில்லை.

ஆளனுப்பி ராஜனை வரவழைத்தேன். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"நாலு வருசம் இருக்கும்."

"பிள்ளைகள் ஏறுற வண்டியாக்கும் இது."

"மெள்ளத்தானே ஓட்டுதாவ," என்றான். "நீ அடியில போயி பாப்பேண்ணு நெனைக்கல மக்கா."

திரும்பி, வாசலில் நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"ஒனக்கும் தெரியுமா?"

"சொன்னா நீ அங்க இருந்துட்டு, எடுக்காதே வித்துருன்னு சொல்லுவே," என்றாள். "பிள்ளைக்குக் காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவ நீயா வருவே அண்ணா? ராஜன்தான் வாறான்."

யாரும் வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே முன்பின் தெரியாதவர்களிடம் தேறவில்லை என்று தாள் எழுதிக் கொடுத்தால், முணுமுணுத்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள். இங்கே என் பேச்சுக்கு அந்தத் தாளளவு மதிப்பும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு, கெட்ட பகுதியை வெட்டிவிட்டுப் புது இரும்பு வைக்க அளவெடுக்கலாமென்று மறுபடி அடியில் போனேன். பக்கத்துச் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது; நான் கீழே கிடப்பது தெரியாமல் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சாவிய கையிலயே வச்சிருக்கான்," என்றாள் ஸ்டெல்லா.

"இன்னொரு சாவி உண்டும்லா," என்றான் ராஜன். "பத்து நாள்ல அவன் போயிருவான். பொறவு நான் வந்து தகரம் வச்சுத் தாறேன்."

"அதுவரைக்கும் ஒண்ணும் சொல்லண்டாம். பாவம், லீவுக்கு வந்திருக்கான்."

என் கால்கள் இரண்டும் வெளியே முற்றத்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. இடுப்புக்கு மேலே இருட்டில் கிடந்தேன். அளவுநாடாவைக் கையில் பிடித்தபடி, அவர்கள் பேச்சு மழைக்கும் ரப்பர் விலைக்கும் மாறும்வரை அப்படியே கிடந்தேன்.