திறந்து காட்டச் சொன்ன வக்கீல்

வக்கீல் கோமதி காலமாகிவிட்டார் என்று அவர் கணவர் போனில் சொன்னபோது, மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் முதலமடைத் தோப்பில் மாங்காய் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. கேட்டதும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று அவரை அறிந்த உங்களில் பலருக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் மயில்சாமி, காய் தரையில் விழாமல் பறிக்கும் வலைத் தொரட்டி ஒன்றைச் செய்து பல வருடமாக விற்றுவந்தார். பறிப்பு தொடங்கும் சமயத்தில் வெளியூர் வியாபாரி ஒருவர் அதே தொரட்டியில் ‘பேட்டண்ட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தார். இனி வேறு யார் செய்தாலும் கேஸ் என்றார். மயில்சாமி பயந்து பட்டறையைப் பூட்டினார். எங்களுக்கு அந்த வார்த்தையே குழப்பம். ஒருவர் எப்போதும் ஒரே கதையைச் சொன்னால் ‘அது அவரோட பேட்டண்ட்’ என்று கேலி செய்வோம். அதற்கு மேல் தெரியாது.

விவசாயிகள் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் கூட்டம் போட்டேன். வியாபாரியும் வந்தார். பக்கத்துச் சித்தூர் கோர்ட்டிலிருந்து கோமதி கறுப்புக் கோட்டோடு நேராக வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க, பேட்டண்ட்டுங்கற வார்த்தைக்கு மூலத்துல தொறந்து கெடக்கறதுன்னு அர்த்தமுங்க. புதுசாக் கண்டுபுடிச்சத ஊரறியத் தொறந்து சொல்லோணும். அதுக்குப் பதிலாத்தான் கொஞ்ச வருசத்துக்கு உரிமை தர்றாங்க. உங்களுத எங்கீங்க? காட்டுங்க.”

மனுப் போட்டிருப்பதாக வியாபாரி முணுமுணுத்தார்.

“மனுப் போட்டது வேற, உரிமை கெடச்சது வேறங்க. கெடைக்கறதுக்கு முன்னால கெடச்சதாச் சொன்னாக் குத்தமுங்க.”

மறுநாளே பட்டறை திறந்தது. கோமதி அதோடு விடவில்லை. வியாபாரி மனுப் போடும் முன்பே மயில்சாமியின் தொரட்டி சந்தையில் எல்லோரும் பார்க்க விற்றது என்று சாட்சிகளோடு பேட்டண்ட் ஆபீசுக்கு ஆட்சேபம் அனுப்பினார். மனு தள்ளுபடியானது. சேதி வந்த அன்று மயில்சாமி பட்டறைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாயசம் ஊற்றினார். கோமதி இரண்டு டம்ளர் குடித்தார். இன்று காந்தலூர் ஆரஞ்சுத் தோப்புகளிலும் அந்தத் தொரட்டிதான்.

கோர்ட்டில் மலையாளத்தில் வாதாடுவார். வராந்தாவுக்கு வந்ததும் கட்சிக்காரரிடம் அதையே நம் தமிழ்ப் பேச்சில் சொல்வார். “வெளங்காத கேசுல செயிச்சு என்னுங்க பிரயோசனம்?” என்பார்.

புரியாத வார்த்தையைப் புரியவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லும் தைரியம் அவரால் எனக்கு வந்தது. போன வாரம் ஏற்றுமதிக்காரர் ஒருவர் ஒப்பந்தம் நீட்டினார். ஒரு வார்த்தையில் விரல் வைத்து அர்த்தம் கேட்டேன். விளக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி, அந்த வரியைத் தானே அடித்துவிட்டார்.