நூர்ஜஹான் டீச்சரின் ஐந்தாவது விரல்

ஊரூர் குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது கைபேசி அதிர்ந்தது. நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இரண்டே வரி. நூர்ஜஹான் டீச்சர் காலமானார். இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம்.

"இன்னாமா, மூஞ்சே செரியில்ல? யார்னா பூட்டாங்களா?" என்று மீன்காரம்மா கேட்டாள்.

"கூட வேலை பார்த்தவங்க."

"அப்ப மீனு நாளைக்கு வாங்கிக்க. மொதல்ல போய்ப் பாரு" என்று, வெட்டிய வஞ்சிரத்தைத் தன் கூடையிலேயே போட்டுக்கொண்டாள்.

மயிலாப்பூரில் அந்தப் பெண்கள் பள்ளியில் நம்மோடு வேலை பார்த்த யாருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கணக்கு டீச்சர். ஜூன் மாதம் வந்தால் பள்ளி முழுவதற்கும் டைம்டேபிள் போடுகிறவர். நான் ஸ்டெல்லா, வேதியியல். இருபது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

ஒருநாள் நாலு நிமிடம் தாமதமாக வந்து, வருகைப் பதிவேட்டில் 8.44 என்று எழுதினார். "இன்னா டீச்சர், நாலு நிமிசத்த யாரு கேக்கப்போறா? எட்டு நாப்பதுனு போட்டுக்கினு போங்க" என்றார் பியூன். "ரெண்டு தோள்லயும் ரெண்டு மலக்கு உக்காந்து எழுதிக்கிட்டு இருக்காங்கப்பா. அவங்க ஒண்ணு எழுதி நான் ஒண்ணு எழுதினா நல்லாவா இருக்கும்?" என்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற எங்கள் பாடுதான் திண்டாட்டம். அன்று எல்லாரும் உண்மையான நேரத்தையே எழுதித் தொலைத்தோம்.

ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் நான் வம்புக்குத்தான் கேட்டேன். "நாங்க ஞாயித்துக்கிழமை பூசையில விசுவாசப் பிரமாணம் சொல்வோம். உங்களுக்கும் அப்படி எதாவது உண்டா, இல்ல நோன்புக் கஞ்சி மட்டும்தானா?"

சிரித்துக்கொண்டே சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு வலது கையை விரித்தார். கட்டை விரல்: அல்லாஹ் ஒருவன், அவனுக்கு இணை கிடையாது. அடுத்தது வானவர்கள், அவர் சொல்லும் மலக்குகள். மூன்றாவது வேதங்கள், குர்ஆன் மட்டுமல்ல, அதற்கு முன்னால் இறங்கியவையும். நான்காவது நபிமார்கள். சுண்டு விரலை ஆட்டிக் காட்டினார்: "இது மறுமை நாள். செத்தவங்க எல்லாரும் எழுந்து, செஞ்சதுக்குப் பதில் சொல்ற நாள்." கை தீர்ந்துவிட்டது. இடது கையின் கட்டை விரலை நீட்டினார்: "ஆறாவது, நல்லதோ கெட்டதோ அவன் விதிச்சபடி."

"நபிமார்கள்ல எங்க ஏசுவும் உண்டா?"

"ஈசா நபியை நம்பாம நான் முஸ்லிமே இல்ல. மர்யம் பேர்ல எங்க வேதத்துல ஒரு அத்தியாயமே இருக்கு. ஆனா கடவுளோட மகன்னு நீங்க சொல்ற ஸ்டாப்பிங்ல நான் எறங்கிடுவேன். அதுவரைக்கும் ஒரே பஸ்தான் டீச்சர்."

இவ்வளவு தெளிவாக மறுத்து, இவ்வளவு கொஞ்சமாகப் புண்படுத்தியவரை நான் பார்த்ததில்லை.

ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். அவர் பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆய்வகத்துக்கு வந்தார். சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே, "அட, மன்னிச்சாச்சு டீச்சர், நல்லபடியா போயிட்டு வாங்க" என்றேன்.

"இருங்க. என்னன்னு கேட்டுட்டு மன்னிங்க. கேக்காம மன்னிச்சா அது எனக்குச் செல்லாது."

சொன்னார். எனக்கு மூன்று வருடம் பிளஸ் டூ வகுப்பு கிடைக்காமல் போனது அவரால். "உங்க குரல் கடைசி பெஞ்சுக்குக் கேக்கலைன்னு எச்.எம்.கிட்ட நான்தான் சொன்னேன். கேக்கும்னு எனக்குத் தெரியும். என் டைம்டேபிளை எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணீங்க. அந்தக் கோபம்."

அந்த மூன்று வருடமும் குரல் எடுபட வேண்டும் என்று நான் மிளகுக் கஷாயம் குடித்தேன். வீட்டுச் சுவரைப் பார்த்துச் சத்தமாகப் பாடம் நடத்திப் பழகினேன்.

"நாங்க ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுப் போயிடுவோம். நீங்க எதுக்கு என்கிட்ட வரீங்க?" என்றேன்.

"அல்லாஹ்வுக்குச் செஞ்ச தப்பை அவன்கிட்டயே கேட்டுக்குவேன். உங்களுக்குச் செஞ்சதை நீங்கதானே விடணும்? இல்லைன்னா அந்த நாள்ல என் எதிர்ல வந்து நிப்பீங்களே."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். அவர் அவசரப்படுத்தவில்லை. தினமும் வழக்கம்போல வணக்கம் சொன்னார், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எட்டாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்த உறவுக்காரர்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"கோபம் போகல டீச்சர். ஆனா மன்னிச்சுட்டேன்."

"கோபத்தை வெச்சுக்கோங்க. அதை நான் கேக்கல" என்று சொல்லி அழுதார். 'தெரிஞ்சோ தெரியாமலோ' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தத் துணிச்சலுக்கு முன்னால் நான் இன்றும் சின்னவள்தான்.

இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஏனென்றால் பரப்பியது நான். மன்னிப்பதற்கு முந்திய அந்த எட்டு நாளில், ஸ்டாஃப் ரூமில் அவர் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னேன். அவரே வந்து ஒப்புக்கொண்டதை மறைத்து, நானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னேன். "இவங்கதான் ஹஜ்ஜுக்குப் போறாங்களாம்" என்றேன். சிரித்தோம்.

அவர் திரும்பி வந்தபோது ஆளுக்கொரு பேரீச்சம்பழப் பொட்டலம் கொண்டுவந்தார். மாலையில் பாதிப் பொட்டலங்கள் யாரும் எடுக்காமல் மேசைமேலேயே கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "நோன்பு தொறக்க ஆகும்" என்றார். பக்கத்து நாற்காலியில் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பொட்டலத்தை எடுக்காமல் போனவர்களே, உங்கள்மேல் குற்றமில்லை. நான் சொன்ன பாதியைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

மூன்று மாதம் முன்பு அடையாறு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். "மருந்து சாப்பிடறது என் வேலை. மிச்சம் இது" என்று அந்த ஆறாவதை, இடது கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கிளம்பும்போது, "எதாவது சொல்லணுமா டீச்சர்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லையே" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "சரி" என்றார். அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

அடக்கத்தன்று வெள்ளைத் துணிக்குள் அந்தக் கைகள் தெரியவில்லை. அவர் மகள், வந்த பெண்களின் கையை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கையையும் பிடித்தாள். "அம்மா உங்க மனசு நோக எதாவது பண்ணியிருந்தா மன்னிச்சுடுங்க ஆன்ட்டி." நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பதில் சொல்லக்கூடியவர் அந்தத் துணிக்குள் இருந்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தச் சுண்டு விரலை. எங்கள் பிரமாணத்திலும் அந்த நாள் உண்டு. ஞாயிறுதோறும் மதியச் சமையலை நினைத்துக்கொண்டே அந்த வரியை வேகமாகச் சொல்லித் தீர்ப்பேன். இப்போது அந்த வரி வந்தால் நின்றுவிடுகிறேன். அந்த நாள் எனக்கு வேண்டும் டீச்சர். உங்கள் எதிரில் வந்து நிற்பேன். கேட்டுவிட்டு மன்னியுங்கள். எல்லாரும் கூடியிருக்கும் அந்த இடத்தில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் சொல்வேன்.