நடுப்பலகை

எட்டு வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் இல்லை, லீவு இல்லை, விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. அப்பா சொல்வதைப் பெரியப்பாவிடமும் பெரியப்பா சொல்வதை அப்பாவிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். இருவரும் இருந்தது ஒரே வீட்டில். ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் மேலே நாங்கள், கீழே பேஸ்மென்றில் பெரியப்பா. ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே வான் வண்டியில் பூசைக்குப் போனார்கள். பேச்சு மட்டும் கிடையாது.

காரணம் என் தம்பியின் ஞானஸ்நானம். பெரியப்பா கலியாணம் செய்யாதவர். மன்னாரில் இருந்து முதலில் இந்த நாட்டுக்கு வந்து, பிறகு அப்பாவையும் இங்கே கூப்பிட்டு எடுத்துவிட்டவர். தம்பி பிறந்ததும், ஞானத்தகப்பனாகத் தன்னைத்தான் கேட்பார்கள் என்று நினைத்துப் புதிதாக ஒரு சாம்பல் நிறக் கோட்டு வாங்கித் தொங்கவிட்டிருந்தார். அப்பாவோ தன் வேலைத்தலத்து நண்பர் ஒருவரைக் கேட்டுவிட்டார். பெரியப்பா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார், கடைசி வரிசை வாங்கில் இருந்தார், விருந்தில் வடிவாகச் சாப்பிட்டார், அம்மாவுக்குப் பாத்திரமும் கழுவிக் கொடுத்தார். அடுத்த நாள் தொடங்கி அப்பாவுடன் ஒரு சொல் இல்லை.

முதலில் இந்த வேலை அம்மாவிடம்தான் போனது. அவர் ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் என்ன தந்திக் கந்தோரே?" என்று கேட்டு விலகிவிட்டார். தம்பிக்கு இன்னும் பேச்சு வரவில்லை. மிஞ்சியது நான்.

வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்ல முடியாது. "குளிருக்க கதவைத் திறந்துபோட்டுட்டுப் போறார், மாடே எண்டு கேள்" என்று அப்பா சொன்னால், "பெரியப்பா, குளிருது, கதவைப் பூட்டட்டாம்" என்றுதான் நான் போய்ச் சொல்வேன். மாட்டைப் படியிலேயே விட்டுவிடுவேன். கொஞ்ச நாளில் கழிப்பதோடு கூட்டவும் பழகிவிட்டேன். மீன்குழம்பு நல்லாயிருக்கு என்று பெரியப்பா சொன்னதாக, பெரியப்பா இளைத்துப்போனார் என்று அப்பா கவலைப்பட்டதாக. யாரும் என் பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை. நான் மகா கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்தக் குளிர்காலத்தில்தான் பெரியப்பாவுக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. அவருடைய தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவர், போகும்போது தன் தூண்டிலை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ட்ரவுட் மீன் பிடிக்கிற தூண்டில். அதில் புழுவும் இல்லை, இறாலும் இல்லை. நூலும் இறகும் சுற்றிக் கட்டிய ஒரு பொய்ப்பூச்சிதான் இரை. நீளமான கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, அந்தப் பூச்சியைத் தானாகப் பறந்து வந்ததுபோல் தண்ணீரில் இருத்தவேண்டும். கடலில் வலை இழுத்து வளர்ந்த பெரியப்பாவுக்கு இது முதலில் பகிடியாக இருந்தது. பிறகு பகிடி இல்லாமல் போய்விட்டது. அம்மா பிளவுஸ் தைத்து மிஞ்சிய நூல்களில் ராவெல்லாம் பூச்சி கட்டினார். பின்வளவில் வீசிப் பழகினார். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துவாயைப் பிடித்தார், எங்கள் வேலியைப் பலமுறை பிடித்தார். ஏரிக்கரையில் நின்று வீசினாலும் பின்னாலுள்ள மரங்களைத்தான் பிடித்தார். கரை சரிவராது, வள்ளம் வேண்டும் என்று முடிவானது. பங்குனி மாதத்தில் ஒட்டுப்பலகை வாங்கிவந்து கராஜில் வள்ளம் கட்டத் தொடங்கினார்.

பெரியப்பாவுக்கு வள்ளம் எப்படி இருக்கவேண்டும் என்று தெரியும். பலகையை எப்படி அறுப்பது என்று தெரியாது. அப்பாவோ அஜின்கோர்ட்டில் குசினி அலுமாரி செய்கிற பட்டறையில் வேலை செய்தவர். வேறு ஒருவர் பலகையைப் பிழையாக அறுக்கும்போது சும்மா நிற்கிற பொறுமை அவருக்கு இல்லை. இரண்டு நாள் கதவிடுக்கால் பார்த்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கோடு கோணல். குருடனும் உப்பிடிக் கீறமாட்டான் எண்டு சொல்லு" என்றார்.

நான் நாலு அடி நடந்து போய், "பெரியப்பா, கோடு நல்ல நேராம். ஆனா இன்னொருக்கா அளந்து பாக்கட்டாம்" என்றேன். பெரியப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். மீசைக்குள் ஏதோ சிரிப்பு வந்து போனது. கோட்டை அழித்துவிட்டு மறுபடி அளந்தார்.

அப்படித்தான் அந்த வள்ளம் இரண்டு பேர் கையாலும் உருவானது. முன்பக்கம் ஒருவர், பின்பக்கம் ஒருவர், நடுவில் ஆணிப்பெட்டியோடு நான். முடிந்தபோது அது பாதி வள்ளமாகவும் பாதி குசினி அலுமாரியாகவும் இருந்தது. ஓரமெல்லாம் வழுவழுவென்று தேய்த்து, பட்டறையில் மிஞ்சிய வெள்ளைப் பெயின்ற் அடித்து, முன்னால் "அந்தோனியார் துணை" என்று எழுதியிருந்தது. அலுமாரிக் கைப்பிடி ஒன்று மட்டும்தான் குறை.

வள்ளத்துக்குத் தீர்த்தம் தெளித்த அன்று பின்னேரம் பெரியப்பா கராஜ் படியில் என்னைப் பக்கத்தில் இருத்தினார். கோடை முடிய மொன்றியலுக்குப் போகப்போவதாகச் சொன்னார். அங்கே ஒரு மச்சான் கடை வைத்திருக்கிறாராம். "கொப்பரிட்டச் சொல்லிவை" என்றார்.

அப்பாவிடம் அந்த ஒரு செய்தியை மட்டும் நான் கொண்டுபோகவே இல்லை. சொல்லாவிட்டால் நடக்காது என்று எண்ணினேன். பெரியப்பா இல்லாத பேஸ்மென்றை எனக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் முதலில் இறங்குவது அங்கேதான்.

வைகாசி வந்தது. எனக்கு முதல் நன்மை, நற்கருணையை முதன்முதல் வாங்குகிற சடங்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் முதற் பாவசங்கீர்த்தனம், ஞாயிறு நன்மை. சுவாமியாரிடம் என் பெரிய பாவத்தைச் சொன்னேன்: அப்பாவும் பெரியப்பாவும் சொல்லிவிட்டதை மாற்றி மாற்றிச் சொன்னேன் என்று. அவர், "சொன்னதைச் சொன்னபடி சொல்லவேணும், பிள்ளை" என்றார். மூன்று 'அருள் நிறைந்த மரியே' கட்டளையிட்டார். வெளியே வந்ததும் அம்மா இன்னும் ஒன்று போட்டார். ஞாயிற்றுக்கிழமை நன்மை எடுக்கும்வரை ஒரு சின்னப் பாவமும் கூடாது, செய்தால் வெள்ளை உடுப்போடு வரிசையில் நிற்கமுடியாது என்று.

நடுவில் வந்தது சனிக்கிழமை. பலகாரச் சட்டிக்குக் கிட்டே நான் நின்றால் களவெடுப்பேன் என்று பயந்து, அம்மா என்னை இவர்களோடு மீன்பிடிக்க அனுப்பிவிட்டார்.

நகரத்தை விட்டு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஒரு சின்ன ஏரி. வானின் கூரையில் இருந்து வள்ளத்தை இறக்கித் தண்ணீரில் விட்டார்கள். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரிப் பெருமை, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி. முன்னால் தூண்டிலோடு பெரியப்பா, பின்னால் துடுப்போடு அப்பா, நடுப்பலகையில் காதுவரைக்கும் ஏறிய செம்மஞ்சள் மிதவைச் சட்டையோடு நான். வெயில் இருந்தும் குளிர் கையைக் கடித்தது. மரங்களில் அப்போதுதான் தளிர் வந்திருந்தது.

"வலப்பக்கம் எடுக்கச் சொல்லு" என்றார் பெரியப்பா. சொன்னேன்.

அப்பா துடுப்பைப் போட்டபடி, "வலம் இடம் தெரியாத ஆள் எனக்குச் சொல்ல வந்திட்டார்" என்றார்.

மற்ற நாளென்றால் "ஓமாம்" என்று முடித்திருப்பேன். நான் பெரியப்பாவின் பக்கம் திரும்பி, "வலம் இடம் தெரியாத ஆள் எனக்குச் சொல்ல வந்திட்டார்" என்றேன்.

வீசப்போன கை அப்படியே நின்றது. கயிறு தண்ணீரில் குவியலாக விழுந்தது. கொப்பர் அப்படித்தான் சொன்னாரா என்று கேட்டார். ஓம் என்றேன். அவருக்கும் சூடு ஏறியது. அலுமாரி செய்கிறவனுக்கு வள்ளம் விடத் தெரியுமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அப்பா அதற்கு ஒன்று சொன்னார். அதையும் சொன்னபடியே சொன்னேன். என் வாயால் அந்தச் சொற்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியில் அழுகை வந்துவிட்டது.

"நாளைக்கு எனக்கு நன்மை. நான் பொய் சொல்ல ஏலாது" என்றேன். "முந்திச் சொன்னதெல்லாம் பொய். கோடு நேர் எண்டு அப்பா சொல்லேல்லை. குழம்பு நல்லாயிருக்கெண்டு பெரியப்பா சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வயிற்றுக்குள் இன்னும் ஒன்று இருந்தது. அப்பாவைப் பார்த்துச் சொன்னேன்: "பெரியப்பா கோடை முடிய மொன்றியலுக்குப் போறாராம். உங்களிட்டச் சொல்லச் சொன்னவர். நான் சொல்லேல்லை."

துடுப்பு நின்றது. வள்ளம் தன்பாட்டில் மெல்லத் திரும்பியது. அப்பாவின் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை.

"ஏனாம் எண்டு கேள்" என்றார்.

பெரியப்பா தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். நான் கேட்டேன். அவர், "என்னை ஏன் கேக்கேல்லை எண்டு கேள்" என்றார்.

எதைக் கேட்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் சொன்னேன். அப்பாவுக்கு விளங்கியது. துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"அவர் எனக்குத் தகப்பன் மாதிரி. ஞானத்தகப்பனா வாங்கோ எண்டு வெளியாளைத்தானே கேக்கிறது, வீட்டு ஆளைப் போய்க் கேக்கிறதே எண்டு நினைச்சிட்டன்." துடுப்பில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "பிழைதான். பிழைதான் எண்டு சொல்லு."

நீளமான செய்தி. ஒரு சொல்லும் தவறக்கூடாது என்று மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு, மூச்சை இழுத்து, "பெரியப்பா, அப்பா சொல்லுறார்..." என்று தொடங்கினேன்.

"கேட்டுது" என்றார் பெரியப்பா.

அவர் திரும்பவில்லை. மிதவைச் சட்டையின் முதுகு மட்டும் ஏறி இறங்கியது. அவ்வளவு நேரமும் யாரும் கவனிக்காமல் தண்ணீரில் கிடந்த கயிறு அப்போதுதான் அசைந்தது.

"அண்ணை, கயிறு ஓடுது" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. "தம்பி, பின்னுக்கு எடு" என்று ஒரு குரல், "இழுக்காதேங்கோ, ஓடவிடுங்கோ" என்று இன்னொரு குரல், இரண்டும் என் தலைக்கு மேலால் போய்வந்தன. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நான் குனிந்துகொண்டேன். கடைசியில் கைவலையில் வந்தது ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு ட்ரவுட், விலாவில் ரோசாப்பூ நிறத்தில் ஒரு கோட்டோடு. வாயோரத்தில் அம்மாவின் பச்சை நூல். பொய்ப்பூச்சியால் மீனை ஏமாற்றியது என் பாவக்கணக்கில் வருமா என்று கேட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

புது வள்ளத்தின் முதல் மீன் அந்தோனியாருக்கு என்பது அவர்களுடைய கரையில் வழக்கம். மறுநாள் என் நன்மைக்குப் போகும்போது ஐஸ் பெட்டியும் வந்தது. வெள்ளை உடுப்புக்காரப் பிள்ளைகளுக்கு நடுவால் மீனைக் கொண்டுவந்து கொடுத்தபோது சுவாமியார் கொஞ்சம் திகைத்தார், ஆனாலும் வாங்கிக்கொண்டார். பெரியப்பா சாம்பல் நிறக் கோட்டோடு முதல் வாங்கில், அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

அந்தக் கோடை முழுக்க வீட்டில் ஒரே பேச்சு. பேஸ்மென்றில் இருந்து சிரிப்புக் கேட்கும். என் உத்தியோகம் போனதில் எனக்குக் கொஞ்சம் கவலை, ஆனால் பெரியப்பா இனிப் போகமாட்டார் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. கோபம் இருந்ததால்தானே போகப் பார்த்தார்.

ஆவணி முடிவில் அவர் போனார்.

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. கனகாலம் கழித்துத்தான் விளங்கியது, தன்னோடு பேச்சில்லாத தன் தம்பியை, என் அப்பாவை, அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வராமல்தான் அவர் அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களோடு இருந்தார் என்று. கராஜில் நாலு அடி தள்ளி நின்றவருக்கு அப்பா சொன்ன ஒவ்வொரு சொல்லும் முதலே கேட்டிருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது. குருடன் என்றதைக் காதால் கேட்டுவிட்டு, கோடு நேர் என்று நான் சொல்லும்வரை காத்திருந்திருக்கிறார்.

புறப்பட்ட அன்று பெட்டிகளை எல்லாம் அப்பாதான் காரில் ஏற்றினார். பெரியப்பா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அப்பா. பெரியப்பா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "கொப்பரிட்டச் சொல்லு, போயிட்டு வாறன் எண்டு" என்றார்.

அப்பாவும் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "நத்தார்ப் பெருநாளுக்கு வரச் சொல்லு. வள்ளம் இஞ்ச இருக்குமெண்டு சொல்லு."

திரும்பவும் கோபம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். ரோட்டில் நின்று குரலெடுத்து அழுதேன். அழுதபடியே இரண்டு பேருடைய செய்தியையும், ஒரு சொல் பிசகாமல், கொண்டுபோய்ச் சேர்த்தேன்.