கப்பிக்கு ஒரு மறைவிடம்

போன வாரம் பக்கத்து அறை ஜெயா கை நிறையப் பச்சைப் பாசியோடு வந்து நின்றாள். தண்ணீர் டேங்க் கசியும் சுவரில் சுரண்டியது.

"அண்ணாச்சி, இத மீன் தொட்டில போடலாமா? கப்பி மீனு குட்டி போடப் போவுது. ஒளிய எடமில்லன்னா தாயே தின்னுரும்லா?"

கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா குரல் கொடுத்தார். "இன்னாத்துக்குமா செவுத்த சொரண்டிகினு கீற? பெயிண்ட்டு போவுது."

எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். ஒரு மீன் பண்ணையில் தொட்டி கழுவியதில் விரலெல்லாம் புண்ணானது. ஆனால் மாஸ் என்கிற பாசி எது, களை எது என்று தெரிந்துகொண்டேன்.

சுவரில் வளரும் மாஸ் குட்டைப் புல் மாதிரி நிமிர்ந்து நிற்கும். தண்ணீரில் போட்டால் அழுகிவிடும். தொட்டிக்கான ஜாவா மாஸ் சிக்கு விழுந்த முடி போலக் கிளை விட்டுப் படரும். அதை வாங்கக் கடைக்குப் போக கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கும் பெண்ணுக்கு நேரம் ஏது?

கம்பெனிச் சுவருக்குப் பின்னால் மிச்சமிருக்கும் குட்டைக்கு நானே போனேன். தண்டு உப்பியிருந்தால் வெங்காயத்தாமரை — சின்னத் தொட்டிக்கு ஆகாது. வெல்வெட் இலை ரோஜா போல விரிந்து மிதந்தால் ஆகாயத்தாமரை. வேர் தாடி போலத் தொங்கும். குஞ்சுகள் ஒளிய வேறென்ன வேண்டும்? நன்றாக அலசி மிதக்கவிட்டோம்.

ஜெயாவுக்குப் பகல் ஷிஃப்ட். கணவன் இசக்கிக்கு நைட். அவள் பஸ் ஏறும் நிறுத்தத்தில் அவன் இறங்குவான். கையசைக்கத்தான் நேரம். இருவரும் சேர்ந்து வளர்ப்பது அந்த மீன் ஒன்றைத்தான்.

மறுநாள் மாலை அவள் திரும்பியபோது தொட்டி பளிச்சென்று இருந்தது. செடி இல்லை. கப்பியின் வயிறு ஒட்டியிருந்தது. குஞ்சு ஒன்றுகூட இல்லை.

"ஏளா, அந்தக் களைய நாந்தான் எடுத்தேன்," என்றான் இசக்கி, யூனிஃபார்மோடு. "எங்கூரு கொளத்துல இதத்தான அள்ளி வெளிய போடுவோம். நீ வரும்போது சுத்தமா இருக்கட்டும்னு..."

அவள் வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எங்க போட்டப்பா?" என்றேன்.

"பாத்ரூம் வாளில. தண்ணி கெடந்துச்சு, அதுலயே."

வாளிக்குள் டார்ச் அடித்தேன். ஜெயா செடியை மெல்லத் தூக்கினாள். வேருக்குள் கடுகு போல இரண்டு கண்கள். அசைந்தன. அப்புறம் இன்னொரு ஜோடி...

"இங்கேருங்க," என்றாள். "குஞ்சையும் சேத்துல்லா அள்ளிருக்கீங்க. தாய் வாய்லருந்து தப்பிச்சிருச்சு."

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"பஸ் போயிரும்," என்றாள் ஜெயா.

"போவட்டும்ளா. ஷேர் ஆட்டோ இருக்கு."

இருவர் தலையும் ஒரே வாளிக்கு மேல். செடியை அடையாளம் காணத் தெரிந்த நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன் — அதுவும் ஒரு வேலைதானே?