ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்

நாலு வயதாகியும் பேசாத என் மகளைப் பரிசோதனைக்காகக் குடவாசலிலிருந்து தஞ்சாவூருக்குத் தனியாகத்தான் அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒருவர், பத்து வயது மகளோடு உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்த முகம். சேற்றில் நின்று வெடித்த குதிகால்கள். அவருடைய தோள் துண்டின் நுனியை அந்தப் பெண் விரலில் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டே இருந்தாள். இழுத்த பக்கமெல்லாம் அவர் சாய்ந்து கொடுத்தாரே தவிர, ஒருமுறைகூடத் துண்டை விடுவித்துக்கொள்ளவில்லை.

“வீட்டுக்காரரு வரலீங்களாம்மா?” என்று கேட்டார்.

“தானாப் பேசுவான்னு சொல்லிட்டாருங்க. யாருக்கும் தெரியாமத்தான் வந்தேன்.”

“நானும் அப்படித்தாம்மா இவள மறைச்சேன். ஒரு விசேஷத்துக்குக்கூடக் கூட்டிட்டுப் போகல. ஸ்கூல்ல சேக்கப் போனப்ப, உங்களுக்கு இப்படி ஒரு பொண்ணு இருக்காளான்னு எங்க ஊரு டீச்சரே கேட்டாங்க.”

சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் எங்களைக் கூப்பிட்டார்கள். என் மகளுக்கு ஆட்டிசம் என்றும், பள்ளியில் அவளுக்குத் தனி உதவி தேவை என்றும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. அந்தச் செய்தியை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் உள்ள ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த மனிதரைத்தான் பஸ் ஸ்டாண்டு வரை தேடிக்கொண்டே போனேன்.